புரியலைன்னு சொல்ல வைப்பது எப்படி? தோட்டப் பள்ளியில் முதல் செயலாய்வு

மலேசியாவில் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு முதல் மாதம் வாடகை வீடு பார்ப்பதிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஓட்டப் பழகுவதிலும் போய்விடும். இரண்டாம் மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீங்களும் ஒரு செயலாய்வு செய்யுங்க" என்பார். ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, அளந்து எழுதுவதுதான் செயலாய்வு. உடனே பலரும் செய்வது ஒன்றுதான். யாரிடமாவது பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாங்கி, ஆண்டையும் பள்ளிப் பெயரையும் மாற்றப் பார்ப்பார்கள். அந்த வழி வேண்டாம். ஆறு பிள்ளைகள், கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம், வாரத்துக்கு மூன்று முறை இருபது நிமிஷம், இவற்றை வைத்தே பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்படும் ஆய்வைச் செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியை இல்லை. 27 வருஷம் அறுவைக்கூடத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் பிள்ளைகள் இன்றைக்கும் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் தங்கை மகள் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள். அவளுடைய முதல் செயலாய்வுக்குத் துணையாகப் போனேன், சனிக்கிழமை வாசிப்பு வகுப்போடு அப்படியே ஒட்டிக்கொண்டேன். அறுவை சிகிச்சையில் தவறுகளைக் குறைக்க நாங்கள் பட்ட பாடும், வாசித்ததைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளச் செய்ய இவள் படும் பாடும் ஒரே இடத்தில் போய் முட்டுவதை அங்கேதான் பார்த்தேன். அதனால் நடுநடுவே ஆஸ்பத்திரிக் கதை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் சும்மா பாருங்கள்

தலைப்பை எழுதாதீர்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாசிப்பதைப் பாருங்கள், போதும்.

நாங்கள் பார்த்த ஒரு பையனைச் சொல்கிறேன். கருத்துணர்தல் (வாசித்துப் புரிந்துகொண்டு விடை சொல்லும்) பகுதியை உரக்க வாசித்தான். ஒன்பது வரி. ழகரம்கூடப் பிசகவில்லை. அதில் ஒரு வரி: "குமரனின் தந்தை அன்று பணியில் இருந்ததால் விழாவுக்கு வர இயலவில்லை." வாசித்து முடித்ததும் தங்கை மகள் கேட்டாள், "அப்பா ஏன் வரலை?"

"குளிரா இருந்துச்சு டீச்சர்."

"குளிரா?"

"ஆமா, பனியில மாட்டிக்கிட்டாரு."

குளிரான கெந்திங் மலைக்குச் சுற்றுலா போய்வந்த பையன். அவன் வீட்டில் அப்பா "வேலைக்குப் போறேன்" என்பார். "பணிக்குச் செல்கிறேன்" என்று எந்த அப்பா சொல்லியிருக்கிறார்? பேச்சில் ணகரமும் னகரமும் ஒரே மாதிரி ஒலிக்கிற வீட்டில், பணி பனியாகிப் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டது வேறு. விழா நடப்பது நம் ஊர்ப் பள்ளியில், அப்பா மட்டும் பனியில். இது இடிக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தனக்குப் புரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

இதைப் பற்றி எலன் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டுரைகளைப் படித்துக் காட்டினார். ஒன்று மீன்களைப் பற்றியது. கடலின் அடியில் துளி வெளிச்சமும் கிடையாது என்று ஒரு வரி. அங்கே வாழும் சில மீன்கள் இரையை அதன் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும் என்று அடுத்து ஒரு வரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பலர் இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் புரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. நீங்களும் இப்படி முரணான நான்கு வரியை எழுதி உங்கள் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிஷத்தில் உங்கள் ஆய்வின் தேவை உங்களுக்கே தெரிந்துவிடும்.

பார்க்கும்போது உங்களையும் சேர்த்துப் பாருங்கள். டோலோரஸ் டர்கின் 1970களின் கடைசியில் அமெரிக்க நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடத்தை நிமிஷம் நிமிஷமாகக் குறித்தார். மொத்தம் 4,469 நிமிஷம். அதில் எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது வெறும் 20 நிமிஷம். மீதியில் பெரும்பங்கு கேள்வி கேட்டு விடையைச் சரிபார்ப்பது, பயிற்சித்தாள் கொடுப்பது என்றே போயிருந்தது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வை 2021ல் எடுத்தாகிவிட்டது, வகுப்பறைசார் மதிப்பீடு வந்துவிட்டது. ஆனாலும் கருத்துணர்தல் பாடம் என்றால் பகுதி, கீழே ஐந்து கேள்வி, சிவப்புப் பேனா என்றுதான் நம் கை போகிறது. என் தங்கை மகளும் ஒரு வாரம் தன் பாடத்தைக் குறித்துப் பார்த்தாள். எத்தனை நிமிஷம் என்று சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வாள்.

எழுத்தா, மொழியா?

அடுத்து, பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "வாசிப்பில் பின்தங்கியவர்" என்ற ஒரே பெயரில் வேறு வேறு சிக்கல் உள்ளவர்களைப் போட்டுக் குழப்பினால் எந்த ஆய்வும் தேறாது.

ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986ல் சொன்ன கணக்கு இதற்கு நன்றாக உதவும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும் காதால் கேட்டு மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் கிடையாது, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

செய்து பார்ப்பது சுலபம். ஒரே அளவு கடினமுள்ள இரண்டு பத்தி எடுங்கள். ஒன்றைப் பிள்ளை வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு முறையும் புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்குக் கதையா சொல்லு" என்று கேளுங்கள். காதால் கேட்டதை நன்றாகச் சொல்லி, தானே வாசித்ததைச் சொல்லத் தெரியாவிட்டால் அவனுக்கு எழுத்துக்கூட்டும் பயிற்சிதான் வேண்டும். கீழே சொல்லப்போகும் முறை அவனுக்கு இப்போதைக்கு ஆகாது. எழுத்தெல்லாம் சரி, காதால் கேட்டதையும் சொல்லத் தெரியவில்லை என்றால் சிக்கல் மொழியில் இருக்கிறது. நம் பனிப் பையன் இந்த வகை.

நம் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் பாருங்கள். அதே பத்தியைப் பேச்சுத் தமிழில் சொல்லிக் கேளுங்கள். "இயலவில்லை" என்றால் விழிக்கிற பிள்ளை "முடியலை" என்றதும் கடகடவென்று சொல்லும். அப்படியானால் அவன் அறிவில் குறை இல்லை. எழுத்துத் தமிழ் அவனுக்குப் பாதி அந்நிய மொழி, அவ்வளவுதான். முன்பு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இப்போது தோட்ட வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், நம் குடும்பங்களில் பல டவுன் பக்கத்து மலிவு வீடுகளில். பிள்ளை வேனில் வந்து வேனில் போகிறது. சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து கதை சொல்லும் பாட்டி பல வீடுகளில் இல்லை. பேச்சுத் தமிழே மெலிந்துகொண்டிருக்கும்போது எழுத்துத் தமிழ் எங்கிருந்து வரும்?

ஒரு கேள்வி, ஆறு பிள்ளை

"நான்காம் ஆண்டு மாணவர்களின் கருத்துணர்தல் திறனை மேம்படுத்துதல்" என்பது கேள்வி ஆகாது. அது வாழ்த்து அட்டை. கேள்வி என்றால் "இல்லை" என்ற பதிலுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது இது: எழுத்துக்கூட்டத் தெரிந்தும் புரியாமல் வாசிக்கிற ஆறு பிள்ளைகள், எட்டு வாரம் முறை வைத்து ஆசிரியர் வேலையைச் செய்தால், புரியாத இடத்தில் தாமாகவே நிறுத்திக் கேட்பார்களா? அப்படிக் கேட்பதால் கதையை முழுசாகத் திருப்பிச் சொல்வார்களா?

ஏன் ஆறு? ஒரு வட்டத்தில் உட்கார்ந்து எல்லாரும் பேச அதற்கு மேல் முடியாது.

தொடங்குவதற்கு முன் எண்ணுங்கள்

அறுவைக்கூடத்தில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தால் மூன்று எண்களைப் பார்ப்போம். நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது. செய்கிறோம் என்று சொன்னதை உண்மையிலேயே செய்தோமா. இதைச் செய்யப் போய் வேறு எதையாவது கெடுத்தோமா, உதாரணமாக, அடுத்த நோயாளி வெளியே கூடுதல் நேரம் பட்டினியாகக் காத்துக் கிடந்தாரா. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

வகுப்பில் முதல் எண் திருப்பிச் சொல்வது. பத்தியைப் பத்துக் கருத்தாக உடைத்து எழுதிக்கொள்ளுங்கள். தூக்கணாங்குருவி பத்தி என்றால்: நீர்நிலைப் பக்கத்தில் கூடு கட்டும், கட்டுவது ஆண் குருவி, புல்லை நாராகக் கிழிக்கும், பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதி வேலை, இப்படி. பிள்ளை தன் சொல்லில் எத்தனை சொன்னது என்று டிக் போடுங்கள். புத்தகச் சொல்லே வரவேண்டும் என்று பார்க்காதீர்கள். இரண்டாவது எண், வாசிக்கும்போது தானாக எத்தனை முறை நிறுத்தி "இது என்ன?" என்று கேட்டது. மூன்றாவது, எத்தனை நிமிஷம் ஆனது. எனக்குப் பிடித்த நான்காவது ஒன்றும் உண்டு: வகுப்பு முடிந்ததும் கதைப்புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்கிறதா, அல்லது புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறதா.

தொடங்குவதற்கு முன் இதை மூன்று வெவ்வேறு நாளில், மூன்று வெவ்வேறு பத்தியில் செய்யுங்கள். ஒருநாள் மட்டும் அளந்து, குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைப் பொறுக்கி எடுத்தால், அதில் காய்ச்சலோடு வந்தவனும் இருப்பான், முதல்நாள் ராத்திரி கோயில் திருவிழாவில் தூங்காமல் கிடந்தவனும் இருப்பான். அடுத்த மாதம் நீங்கள் ஒன்றும் செய்யாமலே அவர்கள் மதிப்பெண் ஏறும். உங்கள் முறையால் ஏறியது என்று கட்டுரை எழுதிவிடுவீர்கள். பாதிச் செயலாய்வுகளின் வெற்றி இந்த வகைதான் என்பது என் சந்தேகம்.

நான்கு வேலை

சரி, இனி பாடம். அன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984ல் எழுதிய கட்டுரையில் விளக்கிய முறை இது. பிள்ளைகள் முறை வைத்து ஆசிரியராக உட்கார்ந்து நான்கு வேலை செய்ய வேண்டும்: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது. ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரிந்தும் புரியாமல் தவித்த பிள்ளைகளிடம் செய்து பார்த்து, நல்ல முன்னேற்றம் கண்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பலர் செய்து பார்த்துவிட்டார்கள்.

முதல் வாரம் நீங்களே செய்துகாட்ட வேண்டும். இரண்டு வாக்கியம் வாசியுங்கள், நிறுத்துங்கள், மனசுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இந்த 'அது' யாரைச் சொல்லுது? குருவியையா, கூட்டையா? எனக்குக் குழப்பமா இருக்கு, மறுபடி மேலே போய்ப் பார்க்கிறேன்." டீச்சருக்கே புரியாமல் போகும் என்று பிள்ளைகள் பார்ப்பது அநேகமாக அன்றைக்குத்தான் முதல் முறை. வெட்கப்படாமல் செய்யுங்கள். நடிக்க வேண்டியதும் இல்லை. ஐந்து சொல்லை ஒன்றாகக் கோத்து எழுதிய வாக்கியங்கள் பாடநூலில் தாராளமாகக் கிடைக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு பிள்ளை டீச்சர் நாற்காலியில். மூன்றாம் வாரம் நடந்ததை நோட்டில் எழுதியிருந்தபடியே தருகிறேன். டீச்சராக உட்கார்ந்த சிறுமி வாசித்தாள்: "ஆண் குருவி தன் அலகால் புல்லைக் கிழித்து நாராக்கும்." நிறுத்தினாள்.

"எனக்கு அலகு புரியலை."

"தைப்பூசத்துல குத்துவாங்களே, அது" என்றான் ஒருவன்.

"குருவிக்கு யாருடா அலகு குத்துனது?" எல்லாரும் சிரிப்பு.

"கணக்குல வரும். சென்டிமீட்டர், கிலோகிராம். அது அலகு" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் நிஜ டீச்சரைப் பார்த்தார்கள். தங்கை மகள் வாயைத் திறக்கப் போனாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நம் பனிப் பையன் மெதுவாகச் சொன்னான், "குருவிக்குக் கை இல்லையே. புல்லைக் கிழிக்கணும்னா வாயாலதான் கிழிக்கணும். அலகுன்னா அதோட வாய்."

டீச்சர் சொல்லியிருந்தால் மூன்று விநாடி. பிள்ளைகள் நான்கு நிமிஷம் எடுத்தார்கள். அந்த நான்கு நிமிஷத்துக்காகத்தான் இந்த ஆய்வே. பாடம் ஓடவில்லையே என்று பதறாதீர்கள்.

நான்கு வேலையும் சம முக்கியம் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் நம் பிள்ளைகளுக்குத் தெளிவாக்குவதுதான் உயிர். ஊகிப்பது சீக்கிரமே பந்தய விளையாட்டாகிவிடும், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அதற்கு அரை நிமிஷம் போதும். சுருக்கிச் சொல்வது கடினம், நான்காம் வாரத்துக்கு முன் எதிர்பார்க்காதீர்கள். முதலில் அது முழுக் கதையாகத்தான் வரும்.

பத்தியை எங்கிருந்து எடுப்பது?

டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988ல் 64 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் கதையை வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் மோசம் என்று பெயரெடுத்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்து ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

நாங்களும் இதைப் பார்த்தோம். செம்பனைக் குலை வெட்டுவது பற்றிய பத்தி ஒன்றைத் தங்கை மகளே எழுதினாள். குழுவில் எப்போதும் வாயைத் திறக்காத ஒருவன், தரையில் உதிரிப் பழம் விழுந்திருந்தால்தான் குலை பழுத்திருக்கிறது என்று அர்த்தம், அதைப் பொறுக்கக் கோணியோடு போக வேண்டும் என்று பத்தியில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான். அவன் தாத்தா மண்டோராக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்ப்பவராக இருந்தவர். அன்றைக்கு அவன்தான் பெரிய ஆள்.

ஆனால் தோட்டப் பத்தியிலேயே நின்றுவிடாதீர்கள். ஆப்பிள் தோட்டமும் எரிமலையும் தெரியாமல் பிள்ளை எப்படி வளரும்? தெரிந்ததில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் தெரியாததற்கு ஒரு அடி போங்கள். புதுப் பத்திக்கு முன்னால் ஒரு படத்தைக் காட்டி இரண்டு நிமிஷம் பேசினால் போதும். நினைவிருக்கட்டும், முன்னேற்றத்தை அளக்கும் பத்திகள் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு புதிதாக இருக்க வேண்டும். குலை வெட்டும் பத்தியை வைத்து அளந்தால் அந்தத் தாத்தாவைத்தான் அளப்பீர்கள்.

டிக் போடும் நோய்

இங்கேதான் என் ஆஸ்பத்திரிக் கதை.

உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. 19 விஷயம், மூன்று இடத்தில் நிறுத்தம்: மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி கூடத்தை விட்டுப் போகும் முன். கத்தி வைக்கும் முன் அங்கே இருக்கிற அத்தனை பேரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். புது டில்லி, மணிலா, லண்டன், டொரொன்டோ உட்பட எட்டு நகரங்களில் செய்து பார்த்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே அந்தக் குழுவில் இருந்தவர். மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கும், சிக்கல்கள் 11லிருந்து 7 விழுக்காட்டுக்கும் இறங்கின. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்லா மருத்துவமனைக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014ல் வெளிவந்தது. மரணத்தில் சொல்லிக்கொள்ளும்படி குறைவு இல்லை. பட்டியலை முடித்தோம் என்று கிட்டத்தட்ட எல்லாரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு ஒரு பதில் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்துவிடுவோம். நேரம் மிச்சம். ஒருநாள் மத்தியானம் வயிற்று அறுவை. தோல் தைத்துக்கொண்டிருக்கிறார் டாக்டர். ரத்தம் ஒற்றும் காஸ் துணி ஒன்று குறைகிறது. தாளில் "எண்ணிக்கை சரி" என்று காலையிலேயே போட்டாகிவிட்டது. என் பக்கத்தில் நின்ற புதுத் தாதி இரண்டு முறை எண்ணினாள், முகம் வெளுத்தது, வாயைத் திறக்கவில்லை. நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன், எல்லாரும் தேடினோம். டாக்டரின் அங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்னு நினைச்சேன் சிஸ்டர்."

கத்தி வைக்கும் முன் பெயர் சொல்லச் சொல்வது இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருமுறை வாயைத் திறந்தவள் அடுத்த முறையும் திறப்பாள்.

வகுப்பிலும் அச்சு அசல் இதுவே நடந்தது. நான்கு வேலைக்கும் நான்கு பெட்டி போட்ட பயிற்சித்தாளை நான்தான் யோசனை சொல்லி அடிக்க வைத்தேன். ஐந்தாம் வாரம் தாள்கள் அழகாக நிரம்பி வந்தன. "புரியாத சொல்" பெட்டியில் ஆறு பேரும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழையும் ஒரே மாதிரி. கெட்டிக்காரி ஒருத்தி எழுத, மற்ற ஐந்து பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த வாரம் நோட்டில் தானாக நிறுத்திக் கேட்ட எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம். தாளைத் தூக்கிப் போட்டோம். அதற்குப் பதிலாக ஒரு சின்ன வழக்கம்: வாசிப்பைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் போன வகுப்பில் தனக்குப் புரியாமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும், டீச்சரும் சேர்த்து. பனிப் பையன் தன் பனிக் கதையைத் தானே சொல்லிச் சிரித்தான்.

வாரம் ஒருமுறை, ஒரே மாற்றம்

வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் நோட்டைத் திறந்து, கட்டத் தாளில் அந்த வார எண்ணைப் புள்ளியாக வைத்துக் கோடு இழுங்கள். பிள்ளைக்கு ஒரு கோடு. ஒரு புள்ளி குதித்தால் துள்ளாதீர்கள், ஒரு புள்ளி விழுந்தால் அழாதீர்கள். நான்கைந்து புள்ளி தொடர்ந்து ஒரே பக்கம் நின்றால்தான் பேச்சு. மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம்: பத்தியின் நீளம், அல்லது உட்காரும் வரிசை, அல்லது நேரம். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று யாரைக் கேட்பது?

எட்டு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இந்த உத்திகளைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அதற்குமேல் திரும்பத் திரும்ப உத்தியையே சொல்லித் தருவதைவிட நிறைய வாசிக்கவிட்டு, நிறைய சொல் சேர்ப்பதுதான் பலன் தரும்.

கையெழுத்துகள்

இது சீக்கிரம் முடிகிற விஷயம். உங்கள் சொந்த வகுப்பில் செய்வதென்றால் தலைமையாசிரியரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். பல்கலைக்கழகப் படிப்புக்காக வெளியிலிருந்து வந்து செய்பவர் கல்வி அமைச்சுக்கு இணையம் வழி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அது கைக்கு வரும் வரை பள்ளிப் பக்கம் தாளோடு போகாதீர்கள். சுகாதார அமைச்சு மருத்துவமனையில் ஆய்வு செய்ய நினைக்கும் தாதிகளுக்கும் அதே மாதிரி பதிவும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் உண்டு. பிள்ளைகளின் பெயரை எங்கும் எழுதாதீர்கள், ம1, ம2 போதும். சின்ன ஊர், "மண்டோர் பேரன்" என்றாலே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில்கூட அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

பெற்றோர் கடிதத்தைப் பையில் போட்டு அனுப்பினால் பையிலேயே திரும்பி வரும், சாம்பார்க் கறையோடு. நாங்கள் எழுதிய முதல் கடிதத்தில் "தங்கள் பிள்ளை இவ்வாய்வில் பங்கேற்பதற்கு ஆட்சேபணை ஏதும் இல்லையெனில்" என்று ஒரு வரி. ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, பிள்ளை என்ன தப்பு பண்ணினான் என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். வாசிப்பு ஆய்வுக்கு எழுதிய கடிதமே புரியவில்லை என்றால் வேறென்ன சொல்ல? பிறகு சாயந்திரம் வேன் நிற்கும் இடத்தில் நின்று, வாய்ச்சொல்லில் விளக்கி, கையெழுத்து வாங்கினோம்.

எழுதும்போது

பாஸ்டனில் எர்னஸ்ட் கோட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருஷம் கழித்தும் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும், அதை ஊர் பார்க்க வெளியிட வேண்டும் என்றார். கூட வேலை செய்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர் 1911ல் சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை வைத்து, 1916 வரை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய 337 நோயாளிகளின் கணக்கையும் அதில் நடந்த 123 தவறுகளையும் தானே அச்சிட்டு வெளியிட்டார்.

நூறு வருஷம் ஆகியும் நம் கட்டுரைகளில் தவறுகளுக்கு ஒரு பத்தி கிடைப்பதில்லை. "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று முடிந்துவிடும். உங்கள் கட்டுரை நான்கு பக்கம் இருந்தால் அதில் ஒரு பக்கம் ஓடாத வண்டிக்கு. எங்கள் ஆறில் நான்கு பேர் தேறினார்கள். ஒருத்தி முதலிலிருந்தே புரியாததை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தவள், அவளைச் சேர்த்ததே எங்கள் தவறு. இன்னொருவனுக்கு எதுவும் மாறவில்லை. அவனுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை என்று ஆறாம் வாரம்தான் கண்டுபிடித்தோம், அதுவும் நான் தாதியாக இருந்த புண்ணியத்தில். கண்ணாடி வந்த பிறகு அவனை அளக்க வாரம் மிச்சம் இல்லை. அதையும் அப்படியே எழுதினாள் தங்கை மகள். ஆய்வை எல்லார் முன்னும் படைத்த நாளில் மற்ற ஆசிரியர்கள் கேள்வி கேட்டது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். மறுவாரமே இரண்டு பேர் தங்கள் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க முடியுமா என்று என்னைத் தேடி வந்தார்கள்.

கட்டுரையைக் கொடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பத்திகள், பத்துக் கருத்துப் பட்டியல்கள், பிள்ளைகளின் பெயர் இல்லாத கோட்டுப் படங்கள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, மேலே எப்படிப் பயன்படுத்துவது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். தோட்டப் பள்ளிக்கு வருகிற ஆசிரியர் மாற்றலாகிப் போவதும் சீக்கிரம்தான். போகும்போது கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று அடுத்து வருபவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அலமாரிச் சாவியையும் மறக்காமல் கொடுங்கள். எங்கள் பள்ளியில் அப்படிப் பூட்டிக் கிடக்கும் அலமாரி ஒன்று இன்னும் இருக்கிறது.